நன்கொடையைப் பகிர்ந்தளிக்கும் நிதியம் ஒன்றை எதைப் பார்த்து நம்புவது?

மாலைவெயில் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சில ஆண்டுகளாகத் தொண்டு நிறுவனங்களைத் தனித்தனியே தேடி, விசாரித்து, என்னால் இயன்றதைக் கொடுத்து வருகிறேன். இப்படித் தேடுவதற்கு ஆகும் நேரமும், கொடுத்த பின்னர் மனத்தில் எழும் ஐயமும் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகின்றன. ஆகவே, பலருடைய நன்கொடைகளைத் திரட்டி, தகுதியானவை என்று தான் கருதும் அமைப்புகளுக்குப் பகிர்ந்தளிக்கும் ஒரு நிதியத்திடம் மாதந்தோறும் ஒரு தொகையை ஒப்படைத்துவிடலாமா என்று எண்ணுகிறேன்.

நான் பார்த்துவைத்திருக்கும் நிதியத்தின் பதிவு நடப்பில் உள்ளது. தணிக்கை செய்யப்பட்ட கணக்குகள் வலைத்தளத்தில் கிடைக்கின்றன. நிர்வாகச் செலவு மிகக் குறைவு என்று முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அறங்காவலர் குழுவில் பலரும் அறிந்த பெயர்கள் இருக்கின்றன. குறை சொல்லும்படி எதுவும் கண்ணில் படவில்லை. ஆனாலும் கை தயங்குகிறது.

ஒரு மருத்துவ அமைப்புக்குக் கொடுத்தால், மருந்து போய்ச் சேர்ந்ததா என்றாவது கேட்கலாம். நிதியமோ களத்தில் எந்தப் பணியையும் தானாகச் செய்வதில்லை. யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்று தீர்மானிப்பதே அதன் வேலை. அதாவது, பணத்தோடு சேர்த்துத் தீர்மானிக்கும் பொறுப்பையும் நான் அவர்களிடம் விட்டுவிடுகிறேன். அந்தத் தீர்மானங்களின் தரத்தை வெளியிலிருந்து பார்க்கும் சாதாரண நன்கொடையாளர் எப்படி மதிப்பிட முடியும்? கணக்கு வழக்கு அறிந்தவர்களும், இத்தகைய நிதியங்களில் பணியாற்றியவர்களும் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பேரேடு

வணக்கம். நான் தொழிலால் தணிக்கையாளர் என்பதால் கணக்குப் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன்.

நீங்கள் குறிப்பிட்டவற்றுள் எனக்கு மிகக் குறைந்த நம்பிக்கையைத் தருவது பெரிய மனிதர்களின் பெயர்ப் பட்டியல்தான். அமெரிக்காவில் 1990களின் முற்பகுதியில் 'நியூ எரா ஃபிலாந்த்ரபி' என்றோர் அறக்கட்டளை இயங்கியது. தொண்டு அமைப்புகள் தம் பணத்தைச் சில மாதங்கள் அதனிடம் வைப்பாகக் கொடுத்தால், பெயர் வெளியிட விரும்பாத வள்ளல்கள் அதே அளவு தொகையைச் சேர்த்து இரட்டிப்பாக்கித் திருப்பித் தருவார்கள் என்று சொல்லப்பட்டது. கல்லூரிகள், தேவாலயங்கள், அருங்காட்சியகங்கள், பெரும் செல்வந்தர்கள் எனப் பலரும், தமக்கு முன்னால் கொடுத்தவர் யார் என்று பார்த்து, அந்த நம்பிக்கையிலேயே தாமும் கொடுத்தார்கள். உண்மையில் அப்படி எந்த வள்ளலும் இருக்கவில்லை. பின்னால் வந்தவர்களின் பணத்தை எடுத்து முன்னால் வந்தவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1995 மே மாதம் அது திவாலாயிற்று. நிறுவனருக்கு 1997-இல் 12 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

இந்த மோசடியை முதலில் மோப்பம் பிடித்தவர் ஒரு சிறு கல்லூரியில் கணக்கியல் கற்பித்த ஆசிரியர். அவர் பார்த்தது மிக எளிய ஒன்று. அவ்வளவு பெரிய தொகை மாதக் கணக்கில் பாதுகாப்பான வைப்பில் இருக்கிறது என்றால், அதற்கு வட்டி வந்திருக்க வேண்டும்; அறக்கட்டளை தாக்கல் செய்த வரிப் படிவத்தில் காட்டப்பட்டிருந்த வட்டியோ அதற்குச் சற்றும் பொருந்தாத அளவில் சொற்பமாக இருந்தது. சொல்லப்படும் கதைக்கும் கணக்கில் இருக்கும் எண்ணுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பார்க்க நீங்கள் தணிக்கையாளராக இருக்க வேண்டியதில்லை. இத்தனை அமைப்புகளுக்குக் கொடுத்தோம் என்று ஆண்டறிக்கை பெருமையாகச் சொல்லும்போது, தணிக்கைக் கணக்கில் வழங்கிய மானியங்களின் மொத்தம் அதே எண்தானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பெற்றுக்கொண்ட அமைப்புகளுள் ஓரிரண்டு தம் கணக்குகளைப் பொதுவில் வைத்திருந்தால், அவற்றின் வரவில் அந்தத் தொகை வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நிதியாண்டு வேறுபாட்டால் சிறிது முன்பின்னாக இருக்கலாம். அறவே காணப்படாவிட்டால் உடனே விளக்கம் கேட்க வேண்டும்.

நிர்வாகச் செலவு குறைவு என்ற விளம்பரத்தையும் அப்படியே ஏற்க வேண்டாம். நன்கொடையாளர்களுக்குத் தகவல் தரும் கைட்ஸ்டார், சேரிட்டி நேவிகேட்டர், பி.பி.பி. வைஸ் கிவ்விங் அலையன்ஸ் ஆகிய மூன்று அமைப்புகளும் சேர்ந்து 2013-இல் ஒரு திறந்த மடல் வெளியிட்டு, அந்த ஒற்றை விகிதத்தை வைத்துத் தொண்டு நிறுவனங்களை எடைபோட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டன. நிதியங்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். பணத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு அனுப்புவதற்குச் செலவே இல்லை. விண்ணப்பத்தைச் சரிபார்க்கவும், களத்துக்கு நேரில் போய்ப் பார்க்கவும், கொடுத்த பணம் என்னவாயிற்று என்று பின்தொடரவும்தான் ஆளும் செலவும் தேவைப்படுகின்றன. எதையும் சரிபார்க்காத நிதியத்தின் நிர்வாகச் செலவு பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கும்.

அந்த விகிதத்தை அழகாக்கிக் காட்டும் உத்திகளும் உண்டு. 2015 மே மாதத்தில் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையமும் அந்நாட்டின் 50 மாநிலங்களும் சேர்ந்து, புற்றுநோயாளிகளுக்கு உதவுவதாகச் சொல்லிக்கொண்ட நான்கு அமைப்புகள்மீது வழக்குத் தொடுத்தன. 2008 முதல் 2012 வரை 18 கோடியே 70 லட்சம் டாலருக்கு மேல் திரட்டி, அதில் பெரும்பகுதியை நடத்தியவர்களுக்கும் அவர்களுடைய உற்றார் உறவினருக்கும் நிதி திரட்டித் தரும் ஒப்பந்த நிறுவனங்களுக்குமே செலவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. இது வெளியே தெரியாமல் இருக்க, வெளிநாடுகளுக்குப் போன நன்கொடைப் பொருள்களின் மதிப்பைத் தம் வரவிலும் சேவைச் செலவிலும் பெரிய தொகையாக ஏற்றிக் காட்டினார்கள் என்றும் ஆணையம் கூறியது. ஆகவே, வரவில் பணமாக வந்தது எவ்வளவு, பொருளாக வந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்த பிறகே விகிதத்தைக் கணக்கிடுங்கள்.

கடைசியாக ஒன்று. கணக்கின் முதல் இரண்டு பக்கங்களைவிட, பின்னால் சிறிய எழுத்தில் வரும் குறிப்புகளே அதிகம் பேசும். 'சார்புடைய தரப்பினருடனான பரிவர்த்தனைகள்' என்ற தலைப்பைத் தேடிப் பிடியுங்கள். அறங்காவலர் ஒருவரின் கட்டடத்துக்கு வாடகை, இன்னொருவரின் நிறுவனத்துக்கு ஆலோசனைக் கட்டணம் என்று அங்கே வரிசையாக வந்தால், அவை சட்டத்துக்கு உட்பட்டவையாகவே இருந்தாலும், நான் என் பணத்தைக் கொடுக்கமாட்டேன்.

கரைமேடு

பேரேடு அவர்கள் சொன்னதை ஏற்றுக்கொண்டு, மாலைவெயில் அவர்களின் மையக் கேள்விக்கு வருகிறேன். கணக்கு சுத்தமாக இருக்கிறது என்பதால் தீர்மானம் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. ஒரு ரூபாயும் களவு போகாமல், பயனில்லாத திட்டங்களுக்கே ஆண்டுக் கணக்கில் கொடுத்துக்கொண்டிருக்க முடியும்; தணிக்கையாளர் அதைச் சுட்டிக்காட்டமாட்டார், அது அவர் வேலையும் அன்று.

மானிய விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் பணியில் சில காலம் இருந்தவன் என்ற முறையில், நான் ஒரு நிதியத்தில் முதலில் தேடுவது அது தன் தோல்விகளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான். பல அமைப்புகளுக்குக் கொடுக்கும் எந்த நிதியத்துக்கும் சில தேர்வுகள் தவறாகத்தான் போகும். ஆண்டறிக்கைக்கு ஆண்டறிக்கை எல்லாமே வெற்றி என்று இருந்தால், ஒன்று அவர்கள் கொடுத்த பிறகு திரும்பிப் பார்ப்பதில்லை, அல்லது பார்த்ததை நம்மிடம் சொல்வதில்லை. இரண்டில் எதுவானாலும் எனக்கு உவப்பில்லை.

நேர்மாறான எடுத்துக்காட்டு ஒன்றைச் சொல்கிறேன். வங்கதேசத்தின் கிராமங்களில், அறுவடைக்கு முந்தைய, வேலையும் உணவும் குறையும் மாதங்களில் வேலை தேடி வெளியூர் செல்ல விரும்பும் ஏழைக் குடும்பங்களுக்குச் சிறு கடன் தரும் திட்டத்தை எவிடென்ஸ் ஆக்‌ஷன் என்ற அமைப்பு நடத்தியது. முதலில் நடந்த சிறிய அளவிலான ஆய்வுகள் நல்ல பலனைக் காட்டின. தொண்டு அமைப்புகளை ஆராய்ந்து பரிந்துரைக்கும் கிவ்வெல், 2017-இல் அதைத் தன் முதன்மைப் பட்டியலில் சேர்த்தது. பிறகு திட்டத்தைப் பெரிய அளவில் விரித்து ஆய்வு செய்தபோது அந்தப் பலன் தென்படவில்லை. எவிடென்ஸ் ஆக்‌ஷன் இதைத் தானே வெளியிட்டது. 2018-இல் இதற்காக நிதி கேட்பதை நிறுத்தியது. 2019-இல் திட்டத்தையே மூடியது. கிவ்வெல்லும் பரிந்துரையை விலக்கிக்கொண்டு காரணத்தைப் பொதுவில் எழுதி வைத்தது. திட்டம் தோற்றது உண்மைதான். எனினும் அந்த இரு தரப்பின் சொல்லையும் அதன் பிறகு நான் முன்னிலும் அதிகமாகவே நம்புகிறேன்.

களவு விஷயத்திலும் இதே அளவுகோலைப் பயன்படுத்தலாம். ஏழைகளுக்கு நேரடியாகப் பணம் வழங்கும் கிவ்டைரக்ட்லி, காங்கோ ஜனநாயகக் குடியரசில் தன் ஊழியர்களே கூட்டுச் சேர்ந்து சுமார் 9 லட்சம் டாலரைத் திருடிவிட்டதாக 2023-இல் தானே அறிவித்தது. அந்த அறிவிப்பில் என்னைக் கவர்ந்தது வருத்தம் தெரிவிக்கும் பகுதியன்று, ஓட்டை எங்கே இருந்தது என்று விளக்கிய பகுதி. வழக்கமாகப் பயனாளிகளின் சிம் கார்டைப் பதிவு செய்வது அமைப்புக்கு வெளியே உள்ள முகவரின் வேலை. பாதுகாப்பற்ற பகுதி என்பதால் அங்கே மட்டும் விதிவிலக்கு அளித்து அந்த வேலையைத் தம் ஊழியர்களிடமே விட்டிருந்தார்கள். பயனாளிக்குச் சேர வேண்டிய பணம் ஊழியர் கையில் இருந்த சிம் கார்டுக்குப் போய்விட்டது. எந்தக் கட்டுப்பாட்டை, எந்தக் காரணத்துக்காகத் தளர்த்தினோம் என்று இந்த அளவுக்கு விவரமாகச் சொல்லும் அமைப்பை, 'ஒருபோதும் எங்களிடம் தவறு நடந்ததில்லை' என்று சொல்லும் அமைப்பைவிட மேலாகவே வைக்கிறேன்.

இனி, வெளியிலிருந்து எளிதில் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு துறையில் நன்கு அறிந்தவர்கள் எண்ணிக்கையில் சிலரே இருப்பார்கள். கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே வட்டத்தில் பழகியவர்களாக, சில வேளைகளில் முன்னாள் சக ஊழியர்களாகவே இருப்பார்கள். இதை முற்றிலும் தவிர்க்க முடியாது. தவிர்க்க முயன்றால் துறை தெரியாதவர்களிடம் முடிவு போய்விடும். ஆகவே, உறவு இருக்கிறதா என்பதைக் காட்டிலும், இருக்கும்போது என்ன செய்கிறார்கள் என்று கேட்பதே பயன்தரும். தொடர்புடைய உறுப்பினர் விவாதத்தின்போது வெளியே போகிறாரா, வாக்களிப்பதில் மட்டும் ஒதுங்குகிறாரா, அது எழுத்தில் பதிவாகிறதா? (அறைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு வாக்களிக்காமல் இருப்பது பெரும்பாலும் வெறும் சடங்கு என்பது என் கருத்து; எதிரே நண்பர் இருக்கும்போது அவருடைய அமைப்பைக் குறை சொல்ல யாரும் முன்வருவதில்லை.)

நிதியத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் மறவாதீர்கள். எஃப்.டி.எக்ஸ். கிரிப்டோ நிறுவனம் 2022 நவம்பரில் திவாலானபோது, அதன் செல்வத்தை நம்பி இயங்கிய ஃபியூச்சர் ஃபண்டும் உடன் விழுந்தது. உறுதியளிக்கப்பட்ட மானியத்தை எதிர்பார்த்து ஆள் எடுத்து வேலையைத் தொடங்கியிருந்த அமைப்புகள் நடுவழியில் நின்றன.

தனிவழி

நண்பர்கள் இருவரும் நிதியத்தை எப்படி ஆராய்வது என்று விரிவாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் கேட்பது வேறு: இவ்வளவையும் ஆராய நேரமுள்ள ஒருவருக்கு நிதியம் எதற்கு? அதே உழைப்பில் நல்ல அமைப்புகள் இரண்டைத் தாமே கண்டுபிடித்து நேரடியாகக் கொடுத்துவிடலாம். நடுவில் ஒருவர் இருந்தால் அவருடைய செலவும் அவருடைய விருப்பு வெறுப்புகளும் சேர்ந்தே வரும்.

நிதியத்தில்தான் கொடுப்பேன் என்றால், பணம் போன பிறகு உங்களுக்கு என்ன உரிமை மிஞ்சுகிறது என்பதை ஆவணத்தில் படித்துவிடுங்கள். நன்கொடையாளர் ஆலோசனை சொல்லலாம் என்று அமைந்த கணக்குகளில்கூட, சட்டப்படி பணம் நிதியத்துக்கே சொந்தம்; நீங்கள் சொல்வது ஆலோசனை மட்டுமே. அமெரிக்காவில் நேஷனல் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் 2009-இல் திவால் பாதுகாப்பு கோரியபோது, அப்படிப்பட்ட கணக்குகளில் பணம் வைத்திருந்த நன்கொடையாளர்கள் இதைக் கசப்போடு தெரிந்துகொண்டார்கள். நோக்கத்தை விவரிக்கும் பகுதியில் 'அறங்காவலர்கள் தகுந்தது எனக் கருதும் பிற பணிகளும்' என்று ஒரு சொற்றொடர் இருக்கும். அதன் அகலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாலைவெயில்

அனைவருக்கும் மிக்க நன்றி. தனிவழி அவர்களின் கேள்வி நியாயமானது. ஆனால் நிதியத்தை ஒருமுறை ஆராய்ந்தால் சில ஆண்டுகளுக்குப் போதும் என்பதும், எனக்குத் தெரியாத துறைகளில் தெரிந்தவர்கள் தேர்ந்தெடுப்பார்கள் என்பதும்தான் என்னை இந்தப் பக்கம் இழுக்கின்றன.

பேரேடு அவர்கள் சொன்னபடி குறிப்புகளைப் படித்தேன். சார்புடைய தரப்பினர் பகுதியில் உறுத்தும்படி எதுவும் இல்லை. மானியத் தொகையும் ஆண்டறிக்கையோடு பொருந்துகிறது. ஆனால் கடந்த ஆண்டு திரட்டிய பணத்தில் கணிசமான பகுதி வழங்கப்படாமல் வங்கியிலேயே இருக்கிறது. மின்னஞ்சலில் கேட்டதற்கு, தகுதியான வாய்ப்புகளுக்காகக் காத்திருப்பதாகப் பதில் எழுதினார்கள். இதை நிதானம் என்று எடுத்துக்கொள்வதா, தேக்கம் என்று எடுத்துக்கொள்வதா?

பேரேடு

கையிருப்பு இருப்பதாலேயே குற்றம் சொல்ல முடியாது. மூன்று ஆண்டுத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்துவிட்டு ஆண்டுதோறும் பிரித்துக் கொடுப்பவர்கள் கணக்கில், இன்னும் கொடுக்காத தவணைகள் வங்கி இருப்பாகத் தெரியும். எனவே, அந்த இருப்பில் ஏற்கெனவே தருவதாக ஒப்புக்கொண்டுவிட்ட தொகை எவ்வளவு, எவருக்கும் ஒதுக்காத தொகை எவ்வளவு என்று முதலில் பிரித்துக் கேளுங்கள். குறிப்புகளிலேயே இது இருக்க வேண்டும்.

ஒதுக்காத தொகை பெரிதாக இருந்தால், அதை வைத்துக்கொண்டே மேலும் நன்கொடை கேட்கிறார்களா என்பதைப் பார்ப்பேன். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, அந்தப் பேரிடருக்காகத் தான் செய்யக்கூடிய பணிக்குப் போதுமான பணம் வந்துவிட்டது என்று சில நாள்களிலேயே அறிவித்து, அந்த நோக்கத்துக்கான நன்கொடையை நிறுத்திக்கொண்டது. மிகுந்திருந்த பணத்தை வேறு நெருக்கடிகளுக்குத் திருப்பலாமா என்று கொடுத்தவர்களிடமே கேட்டது, பெரும்பாலோர் சம்மதித்தார்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் திரட்டிய லிபர்ட்டி நிதியில் நடந்தது வேறு. பெரும் பகுதியைப் பிற்காலத் தேவைகளுக்கென்று ஒதுக்கி வைக்கும் திட்டம் பணம் வந்த பிறகுதான் மக்களுக்குத் தெரிந்தது. கடும் எதிர்ப்பு எழவே, நவம்பரில் சங்கம் அதைக் கைவிட்டு, முழுவதையும் அந்தத் தாக்குதலால் பாதிக்கப்பட்டோருக்கே தருவதாக அறிவித்தது. எதிர்காலத்துக்குச் சேமிப்பது தவறான யோசனை என்று யாரும் சொல்லவில்லை. கொடுத்தவர்கள் அதற்காகக் கொடுக்கவில்லை என்பதே சிக்கலாயிற்று.

உங்கள் நிதியத்துக்கு வந்தால், எவ்வளவு இருப்பு வரை வைத்துக்கொள்வது என்ற கொள்கை எழுத்தில் இருக்கிறதா, அந்த அளவைத் தாண்டினால் என்ன செய்வார்கள் என்று கேட்டு இன்னொரு மின்னஞ்சல் அனுப்புங்கள். முந்தைய மூன்று ஆண்டுக் கணக்குகளையும் எடுத்து, ஒதுக்காத தொகை ஏறிக்கொண்டே வருகிறதா என்று பாருங்கள்; ஓர் ஆண்டின் இருப்பு எதையும் சொல்லாது, ஏறுமுகம் சொல்லும். அவர்களுடைய பதில் வரும்வரை, கொடுக்க நினைத்ததில் ஒரு பகுதியோடு நிறுத்திக்கொண்டு, மீதியை வழக்கம்போல நீங்கள் அறிந்த அமைப்புகளுக்கே கொடுத்து வரலாம். பதில் வந்ததும் நிதியத்தின் பெயரைக் குறிப்பிடாமல் இங்கே பதியுங்கள். குறிப்புகளில் புரியாத வரி இருந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.